முன்னுக்குப் போனவன்

ஈப்போ, மலேசியா
03.11.2024

அன்புள்ள சாருஜா அக்காவுக்கு,

தம்பி நிருஷன் எழுதுவது. இங்கே நான் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் அப்பாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனையை எடுத்தேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். போனில் கதைத்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் சத்தத்தை வெளியில் போட்டுவிட்டு, "அப்பா, தம்பி கதைக்கிறான், வாங்கோ" என்று கூப்பிடுவீர்கள். பிறகு ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். படலை சாத்தும் சத்தம் கேட்கும். அவர் கடற்கரைக்குப் போய்விட்டார் என்று எனக்கு விளங்கிவிடும். என் குரலுக்காக ஒரு மனுசன் தன் வீட்டை விட்டு எழும்பிப் போக வேண்டாம். ஆகையால் இனி எழுதுகிறேன்.

பந்தயக் குழுவில் இன்னும் ஒரு வருசத்துக்கு என்னை வைத்திருக்கிறார்கள். சைக்கிள் ஓடிச் சம்பளம் வாங்குகிறேன் என்பதை இப்போதும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. காலையில் மலைப்பக்கம் போகிறோம். தேயிலை தொடங்கும் இடத்தில் பனிப்புகார் இறங்கி வீதியை மூடிவிடும். முன்னால் போகிறவனின் முதுகு மட்டும் தெரியும். சங்கிலிகளின் சத்தம் மட்டும் கேட்கும். அப்படியே ஓடிக்கொண்டிருக்கையில் நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது மறந்து போகும். அடுத்த வளைவில் திரும்பினால் பருத்தித்துறைக் கடல் தெரியும் என்று நினைப்பேன். திரும்பினால் இன்னொரு மலை நிற்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பங்குனியில் நடந்த தாய்வான் ஓட்டத்துக்குப் பிறகு அப்பா என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. என்னைப் பற்றி உங்களிடமாவது ஏதும் கேட்டாரா?

அம்மாவின் முழங்கால் எப்படி என்றும் எழுதுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
நிருஷன்


சந்நிதியான் துணை

பருத்தித்துறை
26.11.2024

என் ஆசைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சந்நிதி முருகன் புண்ணியத்தில் சுகம். உன் எழுத்து மட்டும் அன்று போலவே கோழி கிளறினது மாதிரி இருக்கிறது.

இங்கே மாரிமழை வந்துவிட்டது. வாடைக் காற்றுக்குக் கடல் எழும்பி அடிக்கிறது. ஒரு கிழமையாக ஒருவரும் கடல் தொழிலுக்குப் போகவில்லை. போட்டுகள் எல்லாம் கரைக்கு மேலே இழுத்தபடி கிடக்கின்றன. என்னுடைய முன்பள்ளியிலும் பாதிப் பிள்ளைகளுக்குத் தடிமனும் இருமலும். அம்மாவின் முழங்கால் மழைக்கு முந்தியே மழை வரப்போகிறது என்று சொல்கிறது. மற்றபடி காலநிலை இவ்வளவுதான்.

தம்பி, நீயும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாய்வான் ஓட்டத்தை நாங்கள் எங்கள் வீட்டு ரீவியில் பார்த்தோம் என்று உனக்குத் தெரியும். ஒழுங்கைச் சனம் முழுக்க இங்கே வந்துவிட்டது. முன்வீட்டு இரத்தினம்மா மாமி தட்டு நிறையப் பயத்தம் பணியாரம் கொண்டு வந்தா. நீ அந்த மலையில் தனியே முன்னுக்குப் போனபோது அப்பா கதிரையில் இருக்கவே இல்லை. எழும்பி நின்றுகொண்டு, அவரோடு கடலுக்குப் போகும் தம்பிஐயா மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ரை பெடியன்ரா. பார், என்ரை பெடியன்" என்றார். அவர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு நீ நின்றாய். விழவில்லை, சைக்கிளும் பழுதாகவில்லை. சும்மா மெல்ல மெல்லக் குறைத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாய். பின்னால் வந்த வெள்ளைக்காரன் வெல்ல, நீ எங்கேயோ ஒரு இடத்தில் வந்தாய்.

அப்பா ரீவியை நிற்பாட்டினார். "முன்னுக்குப் போனவன் ஏன் நிண்டவன்?" என்று மட்டும் கேட்டார். அதையே நானும் கேட்கிறேன். நீ ஏனடா நின்றாய்?

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சாருஜா


ஈப்போ
20.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் இங்குள்ள பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அப்பா இப்போது என்னைப் பற்றிக் கேட்கிறாரா என்று கேட்டேன். நீங்கள் வாடைக் காற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சரி, விளங்கிக்கொண்டேன்.

ஏன் நின்றேன் என்று கேட்டீர்கள். அக்கா, எங்கள் ஓட்டத்தில் ஒருவன் வெல்வதற்கு மற்றவர்கள் வேலை செய்கிறார்கள். முன்னால் போகிறவன் காற்றை வெட்டிக்கொண்டு போகிறான். அவனோடு ஒட்டிக்கொண்டு பின்னால் வருகிறவனுக்குப் பாதிக் களைப்புத்தான். எங்கள் குழுவில் வெல்ல வேண்டியவன் எஸ்தேபான். கொலம்பியாக்காரன், வெள்ளைக்காரன் இல்லை. அவனுக்குக் காற்றுப் படாமல் பார்ப்பதுதான் என் வேலை. பின்னால் வரும் எங்கள் காரிடம் போய்த் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி, சட்டைக்குள் அடைத்துக்கொண்டு அவனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவனுடைய சில்லுக் காற்றுப் போனால் என் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீதியோரம் நிற்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்றைக்கு மற்றக் குழுக்களைக் களைக்க வைப்பதற்காக என்னை முன்னுக்கு அனுப்பினார்கள். முகில் வீதியில் இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கால் நோகவில்லை, மூச்சு வாங்கவில்லை. நான் ஓடுவதாகவே தெரியவில்லை, ஆரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவதாக இருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு நேரம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. அப்போது காதில் மாட்டியிருந்த கருவியில் சொன்னார்கள், எஸ்தேபான் பின்னால் தனித்துப் போனான், நின்று அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று.

நின்றேன். அவன் வந்தான். அவனுக்கு முன்னால் ஓடிக் காற்றை நான் வாங்கினேன். உச்சிக்குக் கிட்ட எனக்குக் கால் செத்துவிட்டது. அவன் போய் வென்றான்.

நிற்காமல் போயிருந்தால் வென்றிருப்பேனா என்று நீங்கள் கேட்கவில்லை. ஓம் அக்கா, வென்றிருப்பேன். அதை நினைத்து நான் அழுதும் இருக்கிறேன். ஆனால் நின்றது பிழை என்று ஒருநாளும் நினைக்கவில்லை. இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

வேறு விசேசமில்லை. அம்மாவுக்கு என் முத்தம்.

நிருஷன்


சந்நிதியான் துணை

பருத்தித்துறை
19.01.2025

தம்பிக்கு,

தைப்பொங்கல் நல்லபடி முடிந்தது. பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்ததாம், உனக்கு நல்ல வருசமாம் என்று அம்மா சொல்கிறா. உன் பங்குப் பொங்கலையும் நானே சாப்பிட்டேன். எங்கள் சுகத்துக்கு அது போதும்.

உன் கடிதத்தை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே உரத்துத்தான் வாசித்தேன். முடித்துவிட்டு, மனம் கேளாமல் அவரிடமே போனேன்.

"அப்பா, எஞ்சின் நிண்டுபோன போட்டைக் கண்டால் நீங்கள் என்ன செய்வியள்? உங்கடை வலையை விட்டிட்டு, கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துக்கொண்டு வரேல்லையோ? தம்பி செய்ததும் அதுதானே?" என்று கேட்டேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அது உயிர் போற விசயம். கடலிலை ஆரும் ஆரையும் விட்டிட்டு வரேலாது. உது பந்தயம். பந்தயத்துக்குப் போறவன் வெல்லத்தான் போறவன்" என்றார்.

"அவன்ரை வேலை அதுதான் அப்பா."

"அப்ப அந்த வேலையை அவன் செய்யட்டும். எனக்கேன் ரீவியிலை காட்டினவை?"

நான் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் பார், உன்னைப் பற்றி இவ்வளவு கதைத்திருக்கிறார். கோபமாகவென்றாலும் கதைத்தாரே என்று எனக்குச் சந்தோசம்தான்.

அடுத்த ஓட்டம் எப்போது என்று எழுது. கவனம்.

அக்கா


பருத்தித்துறை
09.03.2025

தம்பி,

மாசி முழுக்க உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் எடுத்தால் மணி அடிக்கிறது, நீ தூக்குவதில்லை. "வேலை கூட, பிறகு கதைக்கிறேன்" என்று இரண்டு தரம் எழுத்தில் அனுப்பினாய். சைக்கிள் ஓடுகிறவனுக்கு ஒரு நிமிசம் கதைக்க முடியாத அப்படி என்ன வேலை?

அம்மா நல்ல சுகம் என்று பொய் எழுத மாட்டேன். சாப்பாடு இறங்குதில்லை அவவுக்கு. இரண்டு வரி எழுதிப் போடு.

சாருஜா


ஈப்போ
21.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் கணினியில் அடித்து வருவதைப் பார்த்ததுமே நீங்கள் சந்தேகப்படுவீர்கள். ஆகையால் முதலே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது சுகம். தாய்லாந்தில் மழைக்குள் ஒரு இறக்கத்தில் விழுந்தேன். வலது தோளின் காறை எலும்பு இரண்டாகிவிட்டது. தகடு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பேனை பிடிக்க ஏலவில்லை, ஒற்றை விரலால் தட்டுகிறேன். முகமும் கொஞ்சம் உரஞ்சியிருந்தது. அதனால்தான் போனைத் தூக்கவில்லை. காய்ந்த பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். கோபிக்காதீர்கள்.

எஸ்தேபான் ஆசுபத்திரியில் என்னோடு வந்து இருந்தான். எனக்குச் சூப் பருக்கினான். இவ்வளவு காலமும் நான் அவனுக்குத் தண்ணீர் காவினேன், இனி அவன் முறையாம். மயக்க மருந்து தெளியாத நேரம் நான் அவனோடு தமிழில் கதைத்திருக்கிறேன். கடல் தெரிகிறதா, கடல் தெரிகிறதா என்று கேட்டேனாம். சொல் விளங்காமலே அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினானாம்.

சித்திரை முடிய ஓடத் தொடங்கலாம் என்கிறார் வைத்தியர். அப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம். அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

நிருஷன்


சந்நிதியான் துணை

பருத்தித்துறை
10.04.2025

அடேய் தம்பி,

நல்ல ஏச்சுப் பேச்சுத்தான் முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எலும்பு முறிந்தவனுக்குப் பேச்சும் சேர்த்து அனுப்பக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டா. இங்கே எல்லோரும் சுகம். நீதான் சுகமாக வேண்டும்.

நீ சொன்னபடி அப்பாவுக்குச் சொல்லவில்லை. உன் கடிதத்தை மேசையில் விளக்குக்குக் கீழே வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இதோடு ஒரு மடிப்பில் சந்நிதி விபூதி இருக்கிறது. தோளில் பூசு. ஆர் வாங்கி வந்தது என்று கேட்காதே. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. நானும் இந்த மாதம் சந்நிதிப் பக்கம் போகவில்லை.

மீன் சாப்பிடு. எலும்புக்கு நல்லது.

அக்கா


ஈப்போ
14.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். எழுத்தைப் பார்த்தாலே தெரியும், கை திரும்பி வந்துவிட்டது. விபூதியைத் தோளில் பூசினேன். மிச்சத்தைத் தலைக்கவசத்தின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அக்கா, இருந்துகொண்டு வாசியுங்கள். ஆனியில் இலங்கையைச் சுற்றி ஒரு ஓட்டம் வைக்கிறார்கள். எங்கள் குழுவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலாம் நாள் கீரிமலையில் தொடங்கி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை வந்து, எங்கள் வீட்டு வாசலால் போய், கடற்கரை வெளிச்சவீட்டடியில் திரும்பி, நெல்லியடியால் யாழ்ப்பாணம். எங்கள் வாசலால், அக்கா. வரைபடத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முடிந்ததும் எங்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டு போய்விடுவார்கள். கடைசி நாள் முடிய நேரே யப்பானுக்குப் போக வேண்டும். வீட்டில் ஒரு நேரம் சாப்பிடக்கூட விடமாட்டார்கள்.

ஆனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோரும் காப்பாற்றுவார்கள். ஓட்டம் ஒருவனுடைய ஊருக்குள்ளால் போனால், அவன் மற்றவர்களிடம் கேட்பான். அவர்கள் வேகத்தைக் குறைத்து அவனை மட்டும் முன்னுக்குப் போக விடுவார்கள். அவன் போய், வீட்டு வாசலில் நின்று, தாய் தகப்பனைக் கட்டிப்பிடித்துவிட்டு நிற்பான். கூட்டம் வந்ததும் திரும்பச் சேர்ந்துகொள்வான். அவனை நம்பித்தான் விடுகிறார்கள். விட்ட இடைவெளியைப் பிடித்துக்கொண்டு ஓடித் தப்புகிறவனோடு பிறகு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள்.

நான் கேட்கப் போகிறேன். விட்டால், கொஞ்ச நேரம் எனக்கு நம் வாசலில் நிற்கக் கிடைக்கும். அப்பா அந்த நேரம் படலையடியில் நின்றால் போதும். கதைக்கத் தேவையில்லை. நான் கிட்ட வரும்போது எழும்பிப் போகாமல் நின்றால் போதும். இதைவிட எனக்கு ஒன்றும் வேண்டாம்.

அவரிடம் சொல்வீர்களா?

உங்கள் நிருஷன்


சந்நிதியான் துணை

பருத்தித்துறை
05.06.2025

என் தம்பிக்கு,

சுகத்துக்கு என்ன குறை, ஊரே எழும்பி நிற்கிறது. இரத்தினம்மா மாமி வீதியைத் தன் கையாலேயே கூட்டுகிறா. உனக்கு முள்ளுக் குத்திச் சில்லுக் காற்றுப் போய்விடுமாம். தம்பிஐயா மாமா வெடிக்கட்டு வாங்கி வைத்திருக்கிறார். அம்மா வாசலில் நிறைகுடம் வைத்து, ஆலாத்தி எடுத்துத்தான் உன்னை விடுவாவாம். "ஆலாத்தி எடுக்கிறமட்டும் நிப்பான்தானே?" என்று தினமும் என்னைக் கேட்கிறா.

அப்பாவிடம் சொன்னேன். நீ எழுதிய வழக்கத்தை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ தெரியவில்லை.

இப்போது சோளகக் காற்று வீசுகிறது. எங்கள் பக்கத்துக் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. நல்ல மீன் படுகிற காலம். எல்லோரும் தொழிலுக்குப் போகிறார்கள்.

வா. அம்மாவும் நானும் நிற்போம்.

அக்கா


வவுனியா
21.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்களைக் கண்ட கண்ணோடு எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் திரும்ப ஓட வேண்டும், எல்லோரும் படுத்துவிட்டார்கள். எனக்கு நித்திரை வரவில்லை. நான் கண்டதை எழுதி வைக்காவிட்டால் கனவு என்று நானே நினைத்துவிடுவேன்.

கீரிமலையில் தொடங்கும்போது எஸ்தேபானிடம் சொன்னேன். அவன் கூட்டத்துக்குள் ஒவ்வொருவராகப் போய், என்னைக் காட்டிக் காட்டிக் கேட்டான். யப்பான் குழுவில் ஒரு வயதுபோன ஓட்டக்காரர் இருக்கிறார். அவர் கையால் "போ" என்று காட்டினார். அவர் விட்டால் எல்லோரும் விட்ட மாதிரி. வல்வெட்டித்துறை கழிய, நூறு சைக்கிளின் சத்தமும் எனக்குப் பின்னால் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு இல்லாமலே போனது. காற்று வலப்பக்கத்தால் வந்தது. இடப்பக்கம் கடல் அசையாமல் கிடந்தது. இவ்வளவு காலமும் வேறு வேறு மலைகளில் வளைவுக்கு வளைவு நான் தேடிய கடல் இதுதான். தெரிந்த மதில், தெரிந்த படலை, தெரிந்த கருவாட்டு மணம். நான் மிதித்ததாக ஞாபகமில்லை.

பிறகு நம் வாசல். நிறைகுடம் தெரிந்தது. நீங்கள் தெரிந்தீர்கள். அம்மா தட்டோடு நின்றா. நான் கையை எடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, பெடலில் பூட்டியிருந்த காலைக் கழற்றப் போனேன்.

அப்பாவை நான் படலையடியில்தான் தேடினேன். அவர் நடுவீதியில் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்குப் பின்னால் நீளத்துக்கு வெறும் வீதியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தை உங்களுக்கு எழுத எனக்குத் தெரியவில்லை.

"நிக்காதை. ஒருத்தரும் இல்லையடா பின்னாலை. நிக்காதை, ஓடு, ஓடு" என்றார்.

என்னோடு ஓடி வந்தார், அக்கா. இந்த வயதில், செருப்பில்லாமல். முதுகில் கையை வைத்துத் தள்ளினார். ஒரு வருசத்துக்கு மேலாக அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை. அதற்கு நான் என்ன பதில் சொல்வது? "அப்பா, நான் நிற்கத்தான் வந்தேன்" என்று சொல்ல முடியுமா? ஓடினேன். அம்மாவின் தட்டைத் தாண்டி ஓடினேன்.

வெளிச்சவீட்டைத் தாண்டியதும் வீட்டுப் பக்கம் மறைந்துவிட்டது. அங்கே நின்றேன். அதற்கு மேல் ஓடினால் என்னை நம்பி விட்டவர்களுக்குத் துரோகம். ஒரு காலை ஊன்றிக்கொண்டு கூட்டம் வரும்வரை நின்றேன். என்னையறியாமல் அழுதிருக்கிறேன். எஸ்தேபான் எங்கள் குழுவின் மஞ்சள் சட்டையோடு முன்னால் வந்தான். என் முகத்தைப் பார்த்தான். தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் தந்தான்.

அக்கா, ஒரு உதவி. நான் அங்கே நின்றேன் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தன் பிள்ளை முன்னுக்குப் போனான், இந்த முறை நிற்கவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நிருஷன்


சந்நிதியான் துணை

பருத்தித்துறை
13.07.2025

என் செல்லத் தம்பிக்கு,

நீ யப்பானிலிருந்து ஈப்போவுக்குத் திரும்பிச் சுகமாக இருக்கும்போது இது உன் கைக்கு வரட்டும். இங்கே நாங்கள் சுகம், அம்மாவின் கோபத்தைத் தவிர. அவ அப்பாவோடு மூன்று நாள் கதைக்கவில்லை. "பெத்த பிள்ளையைக் கண்ணாலை பாக்க விடாமல் துரத்திவிட்ட மனுசன்" என்று சட்டி பானையோடு கதைத்துக்கொண்டு திரிந்தா. எடுத்த ஆலாத்தி வீணாகக் கூடாது என்று, பின்னால் வந்த கூட்டத்துக்கே சுற்றிக் காட்டியிருக்கிறா. நூறு பேருக்கும் கண்ணூறு கழிந்தது. அந்த நூறில் நீயும் ஒருவன்தானே என்று நான் சமாதானம் சொன்னேன். அப்போது உன் பெயரைச் சொல்லி அழுதா.

அன்றைக்கு விடிய அப்பா தொழிலுக்குப் போகவில்லை. அதை உனக்கு முன்னமே எழுதியிருப்பேன், எனக்கே தெரியாது. எஞ்சினைப் பூட்டினார், போட்டடிக்குப் போனார், திரும்பி வந்து முகம் வழித்தார்.

அவருக்கு நான் வழக்கத்தைச் சொன்னேன்தான். நீ தனியே வருவதைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனது போல. நானே மறந்துவிட்டேன். நானும் "ஓடு" என்றுதான் கத்தினேன், உனக்குக் கேட்டிருக்காது.

நீ போனதும் அவரைக் காணவில்லை. பிறகு சாரம் முழங்கால்மட்டும் நனைந்தபடி கடற்கரைப் பக்கத்தால் வந்தார். சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். அடுத்த நாள் பேப்பரில் வேறு ஒருவனின் படம் வந்தது. இரத்தினம்மா மாமி அதைக் கொண்டு வந்து, "என்ன, எங்கடை பெடியன் முன்னுக்குத்தானே போனவன்?" என்று கேட்டா. அப்பா பேப்பரை வாங்கி மடித்தார். "எங்கடை வாசலாலை அவன்தான் முதல் போனவன்" என்றார்.

நீ சொன்னதை நான் காப்பாற்றியிருக்கிறேன். வவுனியாக் கடிதத்தை மேசையில் வைக்கவில்லை, என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இதோடு ஒட்டின உறை ஒன்று வருகிறது. அப்பா தந்தார். நான் பிரிக்கவில்லை.

அக்கா


பருத்தித்துறை
12.07.2025

மகன் நிருஷனுக்கு அப்பா சீவரத்தினம் எழுதுறது.

நாங்கள் சுகம். உன்ரை தோள் எலும்பு நல்லாப் பொருந்தீட்டுதோ? விபூதி முடிஞ்சாச் சொல்லு, அனுப்பிறன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. கதைக்கிற மாதிரித்தான் எழுதுறன்.

அண்டைக்கு நீ போன உடனை நான் கடற்கரைக்கு ஓடினன். றோட்டிலை நிண்டு பாத்தால் கொஞ்சத் தூரத்திலை மறைஞ்சிடுவாய். தம்பிஐயாவின்ரை போட்டு தண்ணியிலை கட்டிக் கிடந்தது. இறங்கிப் போய் அதிலை ஏறி நிண்டன். அதிலை நிண்டால் வெளிச்சவீட்டுக்கு அங்காலையும் தெரியும். நீ கண்ணுக்குத் தெரியிறமட்டும் பாப்பம் எண்டுதான் ஏறினனான்.

நீ அங்கை நிக்கிறாய். ஒரு கால் நிலத்திலை.

எனக்கு முதல் கோவம்தான் வந்தது. உவன் திருப்பியும் நிண்டிட்டான் எண்டு. பிறகு சைக்கிள் பழுதாப் போச்சோ எண்டு பயந்து இறங்கப் பாத்தன். நீ திரும்பித் திரும்பி வீட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டாய். கூட்டம் வந்தது. மஞ்சள் சட்டைக்காரப் பெடியன் உனக்குத் தண்ணி தந்தான். நீ குடிச்சாய். எல்லாரும் உனக்கு இடம் விட்டுச் சேத்துக்கொண்டு போனவை. அப்பதான் கொக்கா சாருஜா சொன்ன கதை எனக்குத் தலையிலை ஏறினது. வீட்டடியிலை நிக்க எண்டு கேட்டு வந்த பிள்ளையை நான் தள்ளிவிட்டிட்டன்.

கொம்மாவுக்கு இதைச் சொல்லேல்லை. கொக்காவுக்கும் சொல்லேல்லை. நீ நிண்டது எனக்குத் தெரியாது எண்டுதான் அவையள் நினைச்சுக்கொண்டிருக்கினம். இருக்கட்டும்.

உன்ரை முதுகைத்தான் கண்டன். முகத்தை நான் வடிவாப் பாக்கேல்லை. விழுந்த காயம் அடையாளம் கிடக்கோ எண்டும் பாக்கேல்லை.

இனி வரேக்கை, முன்னுக்கு வந்தாலும் சரி, எல்லாருக்கும் பின்னாலை வந்தாலும் சரி, வீட்டடியிலை நில். நான் ஒண்டும் சொல்லமாட்டன். கொஞ்ச நேரம் நில்.

அப்பா